ஹீட்டர் சுவிட்ச் இரண்டாவது முறையும் ஏன் உருகியது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். தேவனாம்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிய வீடு, கட்டி ஒன்பது வருடம். குளியலறை ஹீட்டர் சுவிட்ச் இந்த ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக உருகிவிட்டது. கூடத்து ஃபேன் சுவிட்சைப் போட்டால் உள்ளே 'கிர்ர்' என்று சத்தம். மாடிப்படி எல்.இ.டி. பல்பு, சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. மிக்ஸியின் திருகைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது. வரும் எலக்ட்ரீசியன் ஒவ்வொரு முறையும் சுவிட்சை மாற்றிவிட்டுப் போகிறார். மாமனார் "இப்ப வர்ற சரக்கே மட்டம்" என்கிறார். கோளாறு சுவிட்சிலா, ஒயரிலா, பொருளிலா என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

கடலூரிலும் புதுச்சேரியிலும் முப்பது வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே நோய் இல்லை அம்மா. ஹீட்டர் சுவிட்ச் சூட்டில் சாகிறது. ஃபேன் சுவிட்ச் தேய்மானத்தாலும் உப்பாலும் கெடுகிறது. மாடிப்படி விளக்கில் சுவிட்ச் கெடாமலேயே இருக்கலாம். மிக்ஸியில் பெரும்பாலும் சுவிட்ச்தான். இவற்றில் அவசரமானது ஹீட்டர். இதைப் படிக்கும்போதே எழுந்துபோய் அதன் எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) அணைத்துவிட்டு வாருங்கள். சரியாகும்வரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

எதையும் திறப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மெயினை அணைத்தால் வீட்டில் கரண்ட் இல்லை என்று நம்பாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், மெயின் போன அடுத்த நொடியே ஃபேன், லைட் ஒயர்களுக்கு பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துவிடும். ஒரே சுவிட்ச் போர்டுக்குள் ஈ.பி. லைனும் இன்வெர்ட்டர் லைனும் விரல் இடைவெளியில் கிடக்கும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் மெயினை என் கையாலேயே இறக்கிவிட்டு ஸ்டூலில் ஏறினேன். இன்வெர்ட்டர் இருப்பதை வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கை உதறிக் கீழே விழுந்ததில் தோள்பட்டை குணமாக மூன்று மாதம் ஆனது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இன்வெர்ட்டர் எங்கே என்பதுதான். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது. பல இன்வெர்ட்டர்கள் முன்பக்கப் பொத்தானை அணைத்த பிறகும் ஈ.பி. கரண்டை அப்படியே உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும்.

பிறகு டெஸ்டர். கரண்ட் இருக்கும் பிளக் பாயின்டில் வைத்து அது எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு அப்புறம் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால், கரண்ட் இருக்கும் ஒயரும் இல்லாத ஒயர் போலத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் டெஸ்டரின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். கை ஈரமாக இருந்தால் தொடவே வேண்டாம்.

இனி ஹீட்டர். வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வரும். 2000 வாட் ஸ்டோரேஜ் ஹீட்டர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். லைட், ஃபேனுக்குப் போடும் சின்ன சுவிட்ச் 6 ஆம்பியர்; அதன் எல்லை 1380 வாட். பவர் சுவிட்ச் 16 ஆம்பியர். எந்த அளவு என்பது சுவிட்சின் முதுகிலோ பக்கவாட்டிலோ அச்சிட்டிருக்கும். மாடுலர் சுவிட்சுகளில் முன்பக்கத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியாத மாடல்கள் நிறைய உண்டு. போர்டில் பொருந்துகிறது என்பதற்காக 6 ஆம்பியர் சுவிட்சை ஹீட்டருக்குப் போட்டுவிட்டுப் போனவர்களின் வேலையை நான் பலமுறை திரும்பச் செய்திருக்கிறேன். உருகிய சுவிட்சைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம். அதைப் புரட்டிப் பாருங்கள்.

16 ஆம்பியர் என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 13 ஆம்பியரைத் தாங்க வேண்டியதுதானே, பிறகு ஏன் உருகியது? ஒயரின் நுனியும் சுவிட்சின் பித்தளை டெர்மினலும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை வந்தால் போதும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் சூடு வாட்டில் வரும். 13 ஆம்பியருக்கு அது கிட்டத்தட்ட 17 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு சூடு, காற்று புகாத பெட்டிக்குள், சுண்டைக்காய் அளவு இடத்தில், நீங்கள் ஹீட்டர் போடும் ஒவ்வொரு நாளும் உண்டாகிறது. இதே தளர்ச்சி 75 வாட் ஃபேனின் சுவிட்சில் இருந்தால் பிறக்கும் சூடு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான். அதனால்தான் லைட், ஃபேன் சுவிட்சுகள் லூஸ் காண்டாக்டோடு வருடக்கணக்கில் ஓடும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு சுவிட்சுகள் மட்டும் கருகும்.

உருகிய சுவிட்சில் எந்த இடம் அதிகம் கருகியிருக்கிறது என்று பாருங்கள். ஒயர் நுழையும் ஸ்க்ரூவைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே வெள்ளையாகவே இருந்தால் குற்றம் இணைப்பில். சுவிட்சின் மேல் பழி போட முடியாது. ஒயர் நுனி நன்றாக இருந்து, நாம் அழுத்தும் பகுதிக்கு நேர் பின்னால் உட்புறம் கருகியிருந்தால் சுவிட்சின் காண்டாக்டே போயிருக்கிறது. சுவிட்ச் நன்றாக இருந்து, பக்கத்தில் இருக்கும் சாக்கெட்டின் துளை ஒன்று மட்டும் கருப்பாக இருந்தால் பிளக் லூஸ். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. சுவிட்சை மட்டும் மாற்றுவது இரண்டாவதற்குத்தான் சரியான வைத்தியம்.

உங்கள் வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் முதல் வகை. முதல் சுவிட்ச் உருகியபோது ஒயர் நுனியும் வெந்துபோயிருக்கும். செம்பு கருத்து, அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் படிந்துவிடும். இன்சுலேஷன் இரண்டு மூன்று அங்குலத்துக்கு விறைத்து, வளைத்தால் முறுக்கு போல உடையும். அந்த நுனியை அப்படியே புது சுவிட்சில் செருகி முடுக்கினால் ஸ்க்ரூ பிடிப்பது செம்பை அல்ல, அந்தக் கருப்பைத்தான். புது சுவிட்ச் முதல் நாளிலிருந்தே சூடாக ஆரம்பிக்கும். முதல் சுவிட்ச் எட்டு வருடம் தாங்கியிருக்கும், இரண்டாவது எட்டு மாதம் தாங்கியிருக்காது. சரக்கு மட்டம் என்று மாமனாருக்குத் தோன்றுவது இதனால்தான். சரக்கிலும் மட்டம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 3854 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கருத்த நுனியில் மாட்டினால் அதுவும் உருகும்.

செய்ய வேண்டியது இது. ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். வெட்டியதில் நீளம் போதாவிட்டால் பெட்டிக்குள் ஒரு துண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றக் கூடாது. ஹீட்டர் லைனில் அந்த முறுக்கு அடுத்த எரியும் இடம் ஆகிவிடும். புது ஒயர் இழுக்க வேண்டும். இழைகளை ஒன்றுவிடாமல் சேர்த்து முறுக்கி, டெர்மினல் துளை பெரிதாக இருந்தால் நுனியை இரண்டாக மடித்து, இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்குக் கீழே போகாதபடி செருகி முடுக்க வேண்டும். துளை போதவில்லை என்று நான்கு இழைகளை வெட்டிவிட்டுச் செருகுகிறவர்கள் உண்டு. கூடவே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். முடுக்கிய பிறகு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இழை ஒயர் நாளடைவில் அமுங்கும், ஆகவே ஒரு மாதம் கழித்து ஒருமுறை ஸ்க்ரூவை மறுபடி முடுக்குவது நல்லது.

அதோடு ஹீட்டருக்கு வரும் ஒயர் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். டி.பி. பாக்ஸிலிருந்து (எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் பெட்டி) நேராகத் தனி ஒயர் வர வேண்டும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர். 3000 வாட் என்றால் நான் 4 போடுவேன். ஹீட்டரைப் பின்னாளில் வாங்கிய வீடுகளில், பக்கத்து லைட் சுவிட்சிலிருந்து ஒரு லூப் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த லூப் 1 சதுர மில்லிமீட்டர் லைட் ஒயராக இருக்கும். அப்படி இருந்தால் ஹீட்டர் சுவிட்ச் மட்டும் இல்லை, அந்த போர்டில் இருக்கும் எல்லாம் வேகும். சுவிட்சைப் பொறுத்தவரை, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் (கடையில் இதையும் டி.பி. என்பார்கள்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) இரண்டையும் ஒன்றாக வெட்டும். அணைத்தால் ஹீட்டர் லைனிலிருந்து முழுதாகப் பிரிந்துவிடும். சிவப்பு இண்டிகேட்டரும் இருப்பதால் மறந்துபோய் விட்டுவிடுவதும் குறையும்.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது விழவில்லையே" என்று பலர் கேட்பார்கள். எம்.சி.பி. பார்ப்பது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான். லூஸ் காண்டாக்டில் ஆம்பியர் கூடுவதில்லை, சொல்லப்போனால் மயிரிழை குறையும். சுவிட்ச் உருகி வழிந்தாலும் எம்.சி.பி. அசையாமல் நிற்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பார்ப்பது லீக்கேஜை, உயிரைக் காப்பாற்றும் கருவி அது, கட்டாயம் வேண்டும், மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அதற்கும் இந்தச் சூடு தெரியாது. இதைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் மூக்கும் புறங்கையும்தான். சுவிட்ச், சாக்கெட் செய்யும் சில பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் கவிச்சி போல வாடை வரும். நம் கடற்கரை வீடுகளில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, வலை காயும் வாடை என்று விட்டுவிடுவார்கள். ஜன்னலை மூடிய பிறகும் குளியலறைப் பக்கம் கவிச்சி வந்தால் போர்டை முகர்ந்து பாருங்கள். வேலை முடிந்த பிறகு ஹீட்டரை இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, உலர்ந்த புறங்கையை சுவிட்ச் தட்டில் வையுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் வேலை சரியாக நடக்கவில்லை, திரும்பக் கூப்பிடுங்கள்.

ஸ்க்ரூ ஏன் தளர்கிறது, ஏன் பிடிப்பு போகிறது என்று கேட்டால் பாதிப் பதில் உங்கள் வாசலில் இருக்கிறது. கடல் காற்றோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் படியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்விடுவது போல. நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். சுவிட்சுக்குள் தினமும் ராத்திரி ஒருமுறை உப்புத் தண்ணீர் பூசி, பகலில் காய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளையிலும் செம்பிலும் பச்சைக் களிம்பு வரும். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துப் பிடிமானம் இழக்கும். கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் மஞ்சக்குப்பத்தில் பத்து வருடம் ஓடும் அதே சுவிட்ச் தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் ஐந்து வருடம் ஓடினால் பெரிது.

உப்பை நிறுத்த முடியாது, உள்ளே வரும் வழியை அடைக்கலாம். சுவிட்ச் பெட்டிக்குள் காற்று முன்பக்கமாக வருவதைவிடப் பின்பக்கமாக வருவதுதான் அதிகம். மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ திறந்து கிடக்கும் பைப் வாயிலிருந்து கடல் காற்று சுவருக்குள் ஓடி நேராகப் பெட்டிக்குள் வந்து சேரும். ஃபேன் சுவிட்ச் போர்டைக் கழற்றும்போது பைப்பிலிருந்து முகத்தில் சில்லென்று காற்று அடித்தால் இதுதான் காரணம். அந்த வாயைப் பட்டி (சந்து அடைக்கும் பசை) வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த சுவரில் தகரப் பெட்டியை எடுத்துவிட்டு பி.வி.சி. பெட்டி வையுங்கள். சுவிட்ச் வாங்கும்போது ஒரு சின்ன காந்தத்தைக் கொண்டுபோய் டெர்மினல் ஸ்க்ரூவில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் அது இரும்பு. பித்தளை ஸ்க்ரூ உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வெள்ளம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 மழை, 2024 ஃபெங்கல் புயல் என்று நம் இரண்டு ஊரும் எத்தனையோ முறை நனைந்துவிட்டன. தண்ணீரில் மூழ்கிய சுவிட்சையும் சாக்கெட்டையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுவது தவறு. தண்ணீர் போய்விடும், உள்ளே சேறும் உப்பும் இருக்கும். மூழ்கியதை மொத்தமாக மாற்றுங்கள். ஒயரை மாற்ற வேண்டுமா என்பதற்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது.

கூடத்து ஃபேன். சுவிட்சைப் போடும்போதோ அணைக்கும்போதோ கண் சிமிட்டும் நேரம் நீலப் பொறி தெரிவது இயல்பு. ஃபேன் உள்ளே கம்பிச் சுருள் சுற்றிய பொருள், அணைக்கும்போது கரண்ட் சட்டென்று நிற்க மறுத்து ஒரு பொறியாகத் தாண்டும். ஆனால் சுவிட்ச் போட்ட நிலையில் தொடர்ந்து 'கிர்ர்' என்றால் காண்டாக்ட் இரண்டும் ஒழுங்காக ஒட்டவில்லை, இடையில் சின்னச் சின்னப் பொறிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளி கலந்த காண்டாக்ட் குழி விழுந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது எறும்பு. எறும்பைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். வெதுவெதுப்பும் மறைவும் தேடி சுவிட்சுக்குள் கூடு வைக்கும், காண்டாக்டுகளுக்கு நடுவில் நசுங்கிச் சாகும். கிராமத்துப் பக்கம், குறிப்பாக நெல்லிக்குப்பம் பக்கத்துத் தோட்ட வீடுகளில், திறந்த போர்டிலிருந்து ஒரு பிடி எறும்பை நான் கொட்டியிருக்கிறேன். தயவுசெய்து போர்டுக்குள் பூச்சி மருந்து ஸ்பிரே அடிக்க வேண்டாம். அது தீப்பற்றும் திரவம், உள்ளே பொறி இருக்கிறது.

சுவிட்ச்தானா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகள் சொல்கிறேன். சத்தம் வரும்போது அதே போர்டில் இருக்கும் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் கோளாறு அந்த ஒரு சுவிட்சில் இல்லை, சுவிட்சுக்கு சுவிட்ச் தாவும் பேஸ் லூப்பிலோ நியூட்ரலிலோ இருக்கிறது. ரெகுலேட்டரில் ஐந்தில் ஓடி ஒன்று, இரண்டில் ஓடவில்லை என்றால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. ஃபேன் முனகிக்கொண்டு நின்று, கம்பால் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பித்தால் ஃபேனின் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். வழக்கமான சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட். இந்த எதுவும் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் சுவிட்சை மாற்றுங்கள். திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லாதீர்கள். அந்த வெள்ளிப் பூச்சு தேய்ந்து போனால் அடியில் இருக்கும் செம்பு சீக்கிரம் கருகும்.

மாடிப்படி விளக்கு மங்கலாக எரிவது நான்கு காரணத்தால் வரலாம், அதில் ஒன்று பெரிய ஆபத்து. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அது வழியாகக் கசியும் துளி கரண்டே எல்.இ.டி.யை மினுக்கச் செய்யும். மாடிப்படிக்கு மேலும் கீழும் இரண்டு டூ-வே சுவிட்ச் இருக்கும், நடுவே நீண்ட ஒயர்கள் ஒரே பைப்பில் ஒட்டிப் போகும். அணைந்த ஒயருக்குப் பக்கத்து ஒயரிலிருந்து கொஞ்சம் கரண்ட் தூண்டப்படும். இந்த இரண்டும் தொல்லைதான், கேடில்லை. மழை நாளில் மட்டும் மினுக்கினால் தளத்துக்குள் போகும் பைப்பில் தண்ணீர் இறங்குகிறது, அதை மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மிக ஆபத்தானது நான்காவது: சுவிட்சை பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பது. அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டர்வரை முழு 230 வோல்ட் நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பை மாற்றக் கை வைப்பவர் பேஸைத் தொடுவார். பழைய வீடுகளில், பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் ஒரே நிறத்தில் ஒயர் இழுத்த காலத்து வேலைகளில், இதை அடிக்கடி பார்க்கிறேன். புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் மரப் பட்டைக்குள் போகும் ஒயரைத் தொடரும்போது எது எது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். உங்களுடையது ஒன்பது வருட வீடு என்பதால் வாய்ப்பு குறைவு, ஆனாலும் சோதிக்காமல் விடக் கூடாது. இதை நீங்கள் செய்ய வேண்டாம். ஹோல்டரின் இரண்டு பின்னும் நெருக்கமாக இருக்கும், டெஸ்டர் முனை நழுவினால் ஷார்ட் ஆகும். எலக்ட்ரீசியன் சீரிஸ் லாம்ப் (ஒயர் முனைகளோடு கூடிய குண்டு பல்பு) வைத்து, சுவிட்ச் அணைந்த நிலையில் ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பேஸ் நின்றால் குண்டு பல்பு முழுதாக எரியும் அல்லது ஆர்.சி.சி.பி. விழும். தூண்டப்பட்ட கரண்ட் என்றால் குண்டு பல்பு எரியவே எரியாது. டெஸ்டரை மட்டும் நம்பி முடிவு சொன்னால் ஏற்காதீர்கள், தூண்டப்பட்ட கரண்டுக்கும் டெஸ்டர் எரியும்.

டூ-வே சுவிட்சை மாற்றும்போது மூன்று ஒயர் இருக்கும், நடு டெர்மினலில் இருப்பது தனி. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மாறிப்போனால் கீழே போட்டது மேலே அணையாது, பிறகு யாரோ "சுவிட்ச் கெட்டுப்போச்சு" என்பார்கள்.

மிக்ஸியில் இருப்பது சுழலும் சுவிட்ச். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் சோர்ந்துபோனால் கையை எடுத்ததும் விட்டுவிடும். ஒரு ஸ்பீடில் மட்டும் விட்டு மற்றதில் ஓடினால் உறுதியாக சுவிட்ச். எந்த ஸ்பீடிலும் தட்டினால் ஓடி மறுபடி நின்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். திடீரென்று நின்று எதற்கும் அசையாவிட்டால், கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தேடுங்கள். சூடு தணிய விட்டு அழுத்தினால் ஓடும். சுவிட்ச் விலை குறைவுதான், ஆனால் அது ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். ஜாருக்கு அடியில் வாஷர் தேய்ந்து சட்னித் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் புது சுவிட்சும் அதே வழியில் போகும். கையில் பிடித்துக்கொண்டே ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே பொறி பறந்துகொண்டிருக்கிறது, உங்கள் கை ஈரமாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், சுவிட்ச் கோளாறு என்று பலர் தவறாக நினைப்பது இது. ஒரு சுவிட்சைப் போட்டால் வேறொரு அறையின் விளக்கு திடீரென்று பளிச்சென்று கூடினாலோ, பிளக் பாயின்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தாலோ, எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. மூன்று பேஸ் வரும் வீட்டில் இது நடந்தால் சில பாயின்டுகளில் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்வரை ஏறலாம், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் நிமிடங்களில் எரியும். உடனே மெயினை இறக்குங்கள். மீட்டருக்கு வெளியே இருக்கும் கோளாறு என்றால் கடலூரில் ஈ.பி. ஆபீஸ், புதுச்சேரியில் மின்துறை ஆட்கள்தான் தொட வேண்டும், வேறு யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடும்போது ஒயர்மேன் உரிமம் உள்ளவராகப் பாருங்கள், "ஹீட்டர் சுவிட்ச் மாற்றணும்" என்று சொல்லாதீர்கள். "ஹீட்டர் லைனை டி.பி. பாக்ஸிலிருந்து பார்க்கணும், கருகின நுனியை வெட்டணும், ஒயர் என்ன அளவு என்று சொல்லணும்" என்று சொல்லுங்கள். வெட்டிய துண்டை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதே வருகையில் மாடிப்படி ஹோல்டரையும் சீரிஸ் லாம்ப் வைத்துப் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகும் அந்த விளக்கு மினுக்கினால், மழை பெய்த நாளா வெயில் நாளா என்று ஒரு வாரம் குறித்துவைத்து, மேல் சுவிட்ச், கீழ் சுவிட்ச் இரண்டின் பின்பக்கப் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.